ஆளை விடுங்கள், பாத்திரத்தைப் பிடியுங்கள்

ஓணத்துக்கு எங்கள் ஊர் நூலகமான வாயனசாலையில் வைக்கிற வினாடி வினாவில் சினிமாச் சுற்று ஒன்று உண்டு. நடத்துகிறவர் நடிகர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார். அத்தனை பேரும் ஏற்று நடித்த ஒரே பாத்திரம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் பெயரிலேயே பிடித்தால் 20 புள்ளி, இரண்டாவதில் 10, மூன்றாவதில் 5. எனக்கு எழுதிய ஒரு தம்பியின் அணிக்குப் போன வருஷம் அந்தச் சுற்றில் கிடைத்தது பூஜ்யம். ‘மலையாளம், தமிழ், தெலுங்கு மூன்றும் பார்க்கிறோம், மேடை ஏறினால் ஒன்றும் வரவில்லை, எப்படித் தயாராவது?’ என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி எழுதுகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்லிக்கொடுப்பது சரியில்லைதான். ஆனால் இந்த ஓணத்துக்கு மகள் வீட்டுக்குக் கோவை போகிறேன், மைக் வேறொருவர் கையில். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

கேரள-தமிழ்நாடு எல்லையில், வேலந்தாவளம் செக்போஸ்ட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நான் பல வருஷம் கேசட் கடை வைத்திருந்தேன். முதலில் வீடியோ கேசட், அப்புறம் சிடி. இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர். அந்தப் பக்கம் கோவை. மலையாளப் படத்துக்கு ஒரு அலமாரி, தமிழுக்கு இரண்டு, வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்காக ஒரு சின்ன அலமாரி. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படத்தின் பெயர் தெரியாது, நடிகர் பெயர்கூட வாயில் வராது. “அண்ணா, அந்தச் சலங்கைப் பேய்ப் படம் இருக்கா?” என்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: “எந்தப் பேய்? தமிழ் பேசுறதா, தெலுங்கு பேசுறதா?”

அது வெறும் கேலி இல்லை. 1993-ல் பாசில் எடுத்த மணிச்சித்திரத்தாழில் ஷோபனா ஏற்ற கங்காவுக்குள் நாகவல்லி புகுந்ததும் அவள் தமிழ் பேசுவாள். கதைப்படி அவள் தஞ்சாவூர் நாட்டியக்காரி. 2005-ல் அதே கதை தமிழில் சந்திரமுகியாக வந்தபோது, ஜோதிகாவின் கங்கா பேய் பிடித்ததும் தெலுங்கு பேசினாள். இடையில் 2004-ல் கன்னடத்தில் ஆப்தமித்ரா, அங்கே சௌந்தர்யா, பேய்க்கு அங்கேயும் தெலுங்கு. 2007-ல் இந்தியில் வித்யா பாலன் நடித்தபோது பேய் வங்காளி. கவனித்தீர்களா, பேய் ஒருநாளும் உள்ளூர் மொழி பேசுவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்து மொழிதான் பேசும். மலையாளிக்குத் தமிழ் பயம், தமிழனுக்குத் தெலுங்கு மயக்கம் என்று கடையில் ஒரு பெரியவர் சொல்வார். சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசிக்கொண்டு வாழ்கிற எங்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்து நடுங்கும் பேய் நம் மொழியில் பேசுவதில் ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஷோபனா, சௌந்தர்யா, ஜோதிகா, வித்யா பாலன் என்று மேடையில் வாசித்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஷோபனா நடித்த படங்களை மனசுக்குள் வரிசையாக ஓட்டுகிறீர்கள். அங்கேதான் தவறு. ஒரு நடிகை நூறு படத்தில் நடித்திருப்பார், இருபது விநாடியில் எதை ஓட்டுவது? என் கடைக்கு வந்த பாட்டிமார்கள் செய்ததைச் செய்யுங்கள். ஆளை மறந்துவிட்டு, மொழி மாறினாலும் கழற்றிப் போட முடியாத காரியம் எது என்று பாருங்கள். பாத்திரத்தின் பெயர் மாறும், மதம் மாறும், தொழில்கூட மாறும். அந்தக் காரியம் மட்டும் மாறாது, மாறினால் கதையே இல்லை.

இதற்கு எங்கள் தலைமுறையின் நல்ல உதாரணம் த்ரிஷ்யம். 2013-ல் மலையாளத்தில் மோகன்லால் ஜார்ஜுகுட்டி. 2014-ல் தெலுங்கில் வெங்கடேஷ் ராம்பாபு; அதை இயக்கியவர் நடிகை ஸ்ரீப்ரியா. அதே வருஷம் கன்னடத்தில் ரவிச்சந்திரன் ராஜேந்திர பொன்னப்பா. 2015-ல் தமிழில் கமல்ஹாசன் சுயம்புலிங்கம், இந்தியில் அஜய் தேவ்கன் விஜய் சல்காவ்கர். கிறிஸ்தவர் நெல்லைத் தமிழர் ஆனார், பெயரில் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லை. ஆனால் கேபிள் டிவி, சினிமாப் பைத்தியம், புதைத்த பிணம் இவை மூன்றும் போன இடமெல்லாம் கூடவே போயின. ‘மோகன்லால்’ என்றதும் காத்திருங்கள். ‘வெங்கடேஷ்’ என்றதும் இரண்டு பேருடைய படங்களையும் தேடாதீர்கள், எந்தக் கதை கேரளத்திலிருந்து ஆந்திரா போனது என்று மட்டும் யோசியுங்கள். 10 புள்ளி உங்களுக்கு.

இந்தப் படத்தை வைத்துத்தான் நான் மேடையில் மானம் போனேன். “மூன்று மொழியிலும் அப்பா, அம்மா, இரண்டு மகள்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள், ஒரே ஆள் மறுபடி வந்தது எந்தப் பாத்திரத்தில்?” என்று கேட்டு, ஐஜி கீதா பிரபாகர் என்று விடை வைத்திருந்தேன். ஆஷா சரத் மலையாளத்திலும் தமிழிலும் அதை நடித்தவர்தானே. ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் எழுந்து, “மாமா, தெலுங்கில் அது நதியா. மூன்றிலும் வந்தது இளைய மகள் எஸ்தர் அனில். அம்மாவாக மீனா மலையாளத்திலும் தெலுங்கிலும் இருக்காங்க, தமிழில்தான் கௌதமி” என்றாள். கேள்வியும் தப்பு, விடையும் தப்பு. கூட்டம் கைதட்டியது எனக்கல்ல. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: கதாநாயகனை விட்டு, பக்கத்தில் நிற்கிறவர்களை எழுதி வைப்பது. கேள்வி எழுதுகிறவனுக்குப் பிடித்த இடம் அதுதான். அந்த முரட்டு கான்ஸ்டபிள் மலையாளத்தில் கலாபவன் ஷாஜோன், தமிழில் கலாபவன் மணி. இரண்டு பேர் பெயரிலும் கலாபவன் இருப்பதால் பதற்றத்தில் குழம்பாத ஆள் கிடையாது.

அடுத்தது, இந்தியிலிருந்து கிளம்பி எல்லா ஊரும் சுற்றிய பாத்திரம். 1978-ல் அமிதாப் பச்சன் டான். 1979-ல் தெலுங்கில் என்.டி.ராமராவ் யுகந்தர். 1980-ல் தமிழில் ரஜினி பில்லா. 1986-ல் மலையாளத்தில் மோகன்லால் ஷோபராஜ். அப்புறம் புது நூற்றாண்டில் ஷாருக் கான் 2006-ல், அஜித் 2007-ல், பிரபாஸ் 2009-ல். ஏழு பேர்! ஆனால் என்.டி.ஆரும் மோகன்லாலும் ஒரே பாத்திரம் செய்திருக்கிறார்கள் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். இங்கே மாறாத காரியம் என்ன? கொள்ளைக்கூட்டத் தலைவன் சாகிறான், அவனைப் போலவே இருக்கும் அப்பாவி ஒருவனைப் போலீஸ் அதிகாரி உள்ளே அனுப்புகிறார், அவன் உண்மையில் யார் என்பது தெரிந்த அந்த ஒரே அதிகாரி செத்துப்போகிறார். 1980-ல் அந்த அதிகாரியாக நடித்தவர் படத்தின் தயாரிப்பாளர் பாலாஜி. பின்னாளில் மோகன்லாலுக்கு மாமனார் ஆனவரும் அவர்தான். 2009-ல் அதே இடத்தில் பிரபாஸின் பெரியப்பா கிருஷ்ணம் ராஜு. நான் கேள்வி எழுதினால் டானைக் கேட்க மாட்டேன், செத்துப்போகிற அதிகாரியைத்தான் கேட்பேன்.

பழைய படங்களுக்கு வேறு கணக்கு. அப்போதெல்லாம் கதையை வாங்கி இன்னொருவர் எடுப்பது ஒரு பக்கம் என்றால், ஒரே கம்பெனி ஒரே செட்டில் இரண்டு மொழியிலும் எடுப்பது இன்னொரு பக்கம். 1957-ல் மாயா பஜார் அப்படி வந்தது. இரண்டிலும் கிருஷ்ணன் என்.டி.ராமராவ், கடோத்கஜன் எஸ்.வி.ரங்காராவ், வத்சலா சாவித்திரி. ஆனால் அபிமன்யு தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். சகுனி அங்கே சி.எஸ்.ஆர்.ஆஞ்சநேயலு, இங்கே நம்பியார். லட்சுமண குமாரன் அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. என் பாட்டிக்குத் தங்கவேலுதான் லட்சுமண குமாரன், ரேலங்கியைக் காட்டியபோது “இது யாரு புதுசா?” என்றார். அவர் அப்படிக் கேட்ட வருஷம் 1990-ஐ ஒட்டி இருக்கும், பாவம் ரேலங்கி.

இதிலிருந்து ‘நாகேஸ்வர ராவ் என்றால் தமிழில் ஜெமினி’ என்று ஒரு சூத்திரம் போட்டுக்கொண்டீர்கள் என்றால் அடுத்த கேள்வியிலேயே விழுவீர்கள். இரண்டு வருஷம் முந்தி, 1955-ல் வந்த மிஸ்ஸம்மாவைப் பாருங்கள். தெலுங்கில் என்.டி.ஆர் செய்த வேஷத்தைத் தமிழ் மிஸ்ஸியம்மாவில் ஜெமினி செய்தார். நாகேஸ்வர ராவ் செய்த துப்பறியும் ஆள் தமிழில் தங்கவேலுவுக்குப் போயிற்று. அங்கே ஒரு பெரிய கதாநாயகன் செய்ததை இங்கே ஒரு நகைச்சுவை நடிகர் செய்தார் என்றால், அந்தப் பாத்திரத்தைத் தமிழ்க்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதும் தெரிகிறது. என் சொந்தக் கருத்து: தங்கவேலுதான் இன்னும் நன்றாக இருக்கிறார். தெலுங்கு பேசும் என் நண்பர்கள் இதற்காக என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்ததும் உண்டு.

புராணமும் கர்ண பரம்பரைக் கதையும் வந்தால் காரியத்தைப் பிடிக்கும் வித்தை பாதிதான் உதவும், ஏனென்றால் எல்லாருக்கும் காரியம் தெரிந்ததுதான். அங்கே ‘யார் பார்வையில்’ என்று கேட்க வேண்டும். வட கேரளத்து வீரக்கதைப் பாடலான வடக்கன் பாட்டில் வரும் சந்துவை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-ல் உண்ணியார்ச்சா படத்தில் ராகினி உண்ணியார்ச்சா, சத்யன் ஆரோமல் சேகவர், கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர் சந்து. பாட்டில் உள்ள மாதிரியே, ஆரோமலின் சுரிகையை, அதாவது வாளை, மாற்றி வைத்து ஏமாற்றிய துரோகி. 1989-ல் எம்.டி.வாசுதேவன் நாயர் எழுதி ஹரிஹரன் இயக்கிய ஒரு வடக்கன் வீரகதாவில் சந்து மம்மூட்டி. அதே சண்டை, அதே மாற்றுச் சுரிகை, அதே சாவு. ஆனால் இந்தத் தடவை படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் சந்துவுக்காக அழுதுகொண்டு வந்தார்கள். எங்கள் பாலக்காடு ஜில்லாக்காரரான எம்.டி., காலங்காலமாக ‘சதியன் சந்து’ என்று திட்டப்பட்டவனை ஒரே திரைக்கதையில் நிரபராதி ஆக்கிவிட்டார். பெயர் மாறவில்லை, காரியம் மாறவில்லை, தீர்ப்பு மாறிவிட்டது. இப்படிப் பாத்திரங்கள் கொஞ்சம்தான் இருக்கும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கர்ணனும் அந்த வகை. 1964-ல் தமிழில் சிவாஜி கர்ணன், என்.டி.ராமராவ் கிருஷ்ணன், அசோகன் துரியோதனன், முத்துராமன் அர்ஜுனன். 1977-ல் தெலுங்கில் தானவீர சூர கர்ணா வந்தபோது என்.டி.ஆர் கர்ணன், கிருஷ்ணன், துரியோதனன் மூன்று வேஷத்தையும் தானே போட்டுக்கொண்டார். அர்ஜுனனுக்கு மகன் ஹரிகிருஷ்ணா, அபிமன்யுவுக்கு இன்னொரு மகன் பாலகிருஷ்ணா. பாரதப் போர் அவர் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது. 2024-ல் கல்கி படத்தில் பிரபாஸ் கர்ணனாக வந்து போனார். ‘சிவாஜி, என்.டி.ஆர், பிரபாஸ்’ என்று யாராவது வாசித்தால் கிருஷ்ணனைச் சொல்லிவிடாதீர்கள். என்.டி.ஆர் பெயர் கேட்டதும் எல்லார் வாயிலும் கிருஷ்ணன்தான் வரும், வலை விரிப்பதே அதற்குத்தான்.

கண்ணகியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், எல்லைக்காரர்களுக்கு ஏற்ற பாத்திரம். 1942-ல் கண்ணாம்பா, 1964-ல் விஜயகுமாரி, 1968-ல் மலையாளத்தில் கொடுங்கல்லூரம்மாவில் கே.ஆர்.விஜயா. முதல் கண்ணகி ஆந்திரத்தில் பிறந்தவர் என்பதை எங்கள் ஊர்த் தமிழாசிரியர் ஒருவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

அப்புறம் உண்மை மனிதர்கள். இந்தப் பத்து வருஷத்தில் கேள்விக்குச் சுரங்கம் இதுதான். 2018-ல் மகாநடியில் சாவித்திரியாக கீர்த்தி சுரேஷ், ஜெமினியாக துல்கர் சல்மான், நாகேஸ்வர ராவாக அவருடைய பேரன் நாக சைதன்யா. அடுத்த வருஷமே என்.டி.ஆர் வாழ்க்கைப் படத்தில் சாவித்திரி நித்யா மேனன், நாகேஸ்வர ராவ் இன்னொரு பேரன் சுமந்த். ஒரே தாத்தா, இரண்டு படம், இரண்டு பேரன்கள். இந்தக் கேள்விக்கு மூன்றாவது பெயரே தேவையில்லை. இரண்டு சாவித்திரிகளும் மலையாளக் குடும்பத்துப் பெண்கள் என்பதைக் கொல்லங்கோட்டில் சொன்னால் கைதட்டு கிடைக்கும்.

கொல்லங்கோடு என்றதும் வடவன்னூர் ஞாபகம் வருகிறது, எம்.ஜி.ஆரின் குடும்ப வேர் இருக்கிற ஊர். அவரை அடியொற்றி 1997-ல் இருவரில் ஆனந்தனாக மோகன்லால் நடித்தார். 2021-ல் தலைவியில் அரவிந்த்சாமி. இந்த வகையில் ஓர் எச்சரிக்கை: படத்தில் பாத்திரத்துக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். ‘எம்.ஜி.ஆர்’ என்று விடை சொன்னால் கறாரான நடுவர் புள்ளி தராமல் போகலாம். ‘எம்.ஜி.ஆரை நினைத்து எழுதிய பாத்திரம்’ என்று சொல்லுங்கள், சண்டை வராது.

தூண்டில் முள் மாதிரி ஒரு கேள்வியை எப்போதும் ஒளித்து வைப்போம்: ஆளே மாறாத பாத்திரம். சேதுராம ஐயர். 1988 முதல் 2022 வரை ஐந்து சிபிஐ படங்கள், ஐந்திலும் மம்மூட்டி. அந்த நடை, பின்னால் கட்டிய கை, நெற்றிப் பொட்டு, எதுவும் மாறவில்லை. ‘இதை நடித்த இரண்டாவது நடிகர் யார்?’ என்று கேட்டால் தயங்காமல் ‘யாருமில்லை’ என்று சொல்லத் தெரிய வேண்டும். டிவி சீரியல் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு சிலைடு போட்டு, மறுநாளிலிருந்து வேறொரு ஆளைக் கணவர் என்று காட்டினால்கூட ஏற்றுக்கொள்ளும் பெரிய மனசு அவர்களுக்கு.

இன்னொரு விஷயம், முகத்தை மட்டும் நம்பாதீர்கள் என்றேனே, குரலையும்தான். நாகவல்லிக்கே திரும்பப் போகலாம். அந்தப் படத்தில் கங்கா பேசும்போது கேட்பது பாக்கியலட்சுமியின் குரல், நாகவல்லி பேசும்போது கேட்பது துர்காவின் குரல். ஓர் உடம்பு, ஒரே நடிகை, குரல் இரண்டு. வெளியே தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. சந்திரமுகியில் அந்தத் தெலுங்குப் பாட்டைப் பாடியது பின்னி கிருஷ்ணகுமார், கேரளத்துக்காரர். தெலுங்கு பேசும் பேய்க்கு மலையாளிக் குரல், தமிழ்ப் படத்தில்! எங்கள் செக்போஸ்ட்டில் ஒரு சாயங்காலம் நின்றால் கேட்கிற சத்தமும் கிட்டத்தட்ட இதுதான்.

இதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழைய பயிற்சி ஒன்று இருக்கிறது, சொன்னால் சிரிப்பீர்கள். தோல்பாவைக் கூத்து. பகவதி கோவில் கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்கு வைத்து, ராத்திரி முழுக்கக் கம்பராமாயணம் நடக்கும். பாட்டு கம்பனுடைய தமிழ், நடத்துகிறவர்கள் மலையாளிப் புலவர்கள். தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போன பத்ரகாளிக்காக ஆடுவதாக ஐதீகம். மனுஷர்கள் யாரும் வராவிட்டாலும் கூத்து நிற்காது. சின்ன வயசில் அப்பாவோடு போய்த் தூங்கி வழிந்திருக்கிறேன். அங்கே ராமனின் தோல் உருவம் ஒன்றேதான், ஆனால் புலவர் மாறும்போது குரல் மாறும், ராமனின் குணமும் கொஞ்சம் மாறும். ஒருவர் பேசினால் ராமன் கோபக்காரன், அடுத்தவர் பேசினால் வக்கீல். அப்பா கண்ணை மூடிக்கொண்டே இப்போது பேசுவது யார் என்று சொல்லிவிடுவார். எனக்கு அந்தத் திறமை வரவில்லை, கேசட் கடைதான் வந்தது.

தயாரிப்புக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். நோட்டில் படப் பெயரைத் தலைப்பாக எழுதாதீர்கள். ‘சலங்கை’, ‘புதைத்த பிணம்’, ‘இரட்டை ஆள்’, ‘மாற்றிய சுரிகை’ என்று தலைப்பு போட்டு, அதன் கீழே யார், எந்த மொழி, எந்த வருஷம் என்று எழுதுங்கள். அணியில் ஒருவர் மலையாளப் பக்கம், ஒருவர் தெலுங்குப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள், தமிழ் எல்லாருக்கும் வரும். வீட்டுப் பாட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துக் கேளுங்கள், நடிகர் பெயர் சொல்ல மாட்டார், ஆனால் காரியத்தைத் துல்லியமாகச் சொல்வார். பழைய படக் கேள்விக்கு அது போதும். முதல் பெயரில் மணியை அடிக்காதீர்கள். 20 புள்ளிக்கு ஆசைப்பட்டுத்தான் போன வருஷம் கெட்டீர்கள் என்று சொன்னார்கள், மம்மூட்டி என்றதும் சேதுராம ஐயர் என்று கத்தினீர்களாம். விடை சந்து.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன், பெயர்களை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்: 1958-ல் பத்மினி, தமிழில். 1963-ல் அஞ்சலி தேவி. 2011-ல் நயன்தாரா, தெலுங்கில். விடையை என்னிடம் கேட்க வேண்டாம், கூத்துமாடத்துப் பக்கம் போய்க் கேளுங்கள்.